முதல் கார் காம்பாக்ட் எஸ்யூவியா? முதலில் உங்கள் தெருவை அளந்துகொள்ளுங்கள்

சின்னக் காரா, பெரிய வண்டியா என்று வீட்டில் பேச்சு முற்றும்போது, நடுவில் சமாதானமாக வந்து நிற்பதுதான் காம்பாக்ட் எஸ்யூவி. ஏறி இறங்க முட்டி வலிக்காது, ரோடு நன்றாகத் தெரியும், வேகத்தடையில் அடி தட்டாது, குற்றாலத்துக்கும் திருச்செந்தூருக்கும் குடும்பத்தோடு போய் வரலாம். எல்லாம் சரிதான். ஆனால் புதிதாக ஓட்டுகிறவர் கையில் அது எப்படி நடந்துகொள்ளும் என்பது ஷோரூமின் டைல்ஸ் தரையில் தெரியாது. உங்கள் வீட்டு கேட்டிலும், தெரு முக்கிலும், கிளட்ச் உங்கள் காலுக்கு எட்டுகிறதா என்பதிலும்தான் தெரியும். ஆகவே முதலில் தெரு, பிறகு உங்கள் உடம்பு, அதற்கப்புறம் வண்டி.

எந்த வண்டி இந்த ரகம்

நீளம் 4 மீட்டருக்குள், தரையிலிருந்து அடிப்பாகம் சுமார் 18 முதல் 21 செ.மீ. உயரம், உயர்ந்த பானெட், ஐந்து பேர் இருக்கை. டாடா நெக்ஸான், மாருதி பிரெஸ்ஸா, ஹூண்டாய் வென்யூ, கியா சோனெட், மஹிந்திரா எக்ஸ்யூவி 3எக்ஸ்ஓ, நிசான் மேக்னைட், ரெனோ கைகர், ஸ்கோடா கைலாக் எல்லாம் இந்தக் கூட்டம். மாருதி ஃப்ராங்க்ஸையும் இதோடு சேர்க்கலாம். இன்னும் கொஞ்சம் சிறியவை டாடா பஞ்சும் ஹூண்டாய் எக்ஸ்டரும்.

பல வண்டிகளின் நீளம் 3,995 மி.மீ. என்று 4 மீட்டரின் விளிம்பில் நிற்பதற்குக் காரணம் வரி. 2025 செப்டம்பர் 22 முதல் உள்ள ஜிஎஸ்டியில், நீளம் 4 மீட்டருக்குள்ளும் பெட்ரோல் என்ஜின் 1200 சிசிக்குள்ளும் (டீசல் என்றால் 1500 சிசிக்குள்) இருந்தால் 18 சதவீதம். இரண்டில் ஒன்று மீறினாலும் 40 சதவீதம். பிரெஸ்ஸா நீளத்தில் அடங்குகிறது, ஆனால் அதன் பெட்ரோல் என்ஜின் 1462 சிசி. அதனால் அது 40 சதவீதத்தில் விழுகிறது. விலைகளை ஒப்பிடும்போது இதை மனதில் வையுங்கள்.

பெயரில் எஸ்யூவி இருப்பதை நம்பி உடன்குடிப் பக்கத்துத் தேரிமணலில் இறக்கிவிட வேண்டாம். மேலே சொன்ன எல்லாமே முன்சக்கரம் மட்டும் இழுக்கும் வண்டிகள். மணலில் முன்சக்கரம் சுழன்று குழி தோண்டினால், அடி உயரம் எவ்வளவு இருந்தும் பயனில்லை, டிராக்டரைத்தான் கூப்பிட வேண்டும். நான்கு சக்கர இழுவை உள்ள ஜிம்னி, தார் போன்றவை வேறு ரகம். முதல் காராக அவற்றைப் பழகுவதும் வேறு பாடம்.

தெருவை அளப்பது

ஒரு டேப், கொஞ்சம் சாக்பீஸ் போதும். வண்டியின் அகலம் என்று புத்தகத்தில் போட்டிருப்பது கண்ணாடிகளைச் சேர்க்காத அளவு. எக்ஸ்டர் 1,710, பஞ்ச் 1,742, பிரெஸ்ஸா 1,790, நெக்ஸான் 1,804, 3எக்ஸ்ஓ 1,821 மி.மீ. இருபக்கக் கண்ணாடியும் விரிந்திருந்தால் எந்த வண்டியும் ஏறக்குறைய 2 மீட்டர் அல்லது அதற்கு மேல் இடம் கேட்கும்.

உங்கள் கேட் 8 அடி, அதாவது 2.44 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். நேராக நுழைய அது போதும். ஆனால் தெருவே 10 அடிதான், அதிலிருந்து சதுரமாகத் திரும்பித்தான் கேட்டுக்குள் போக வேண்டும் என்றால் ஒரே வீச்சில் நுழையாது. முன்னே பின்னே இரண்டு மூன்று தடவை எடுத்தாக வேண்டும். எதிர்வீட்டுத் திண்ணையோ, மின்கம்பமோ, சாக்கடை மூடியோ எங்கே வருகிறது என்று தரையில் கோடு போட்டுப் பாருங்கள். திரும்பும் ஆரமும் இங்கேதான் கணக்குக்கு வருகிறது. பிரெஸ்ஸாவுக்கு 4.8 மீட்டர், நெக்ஸானுக்கு 5.1, 3எக்ஸ்ஓவுக்கு 5.3. தாளில் அரை மீட்டர் வித்தியாசம் ஒன்றுமில்லை. திருநெல்வேலி டவுன் வாகையடி முக்கிலோ, மேலப்பாளையத்துச் சந்துகளிலோ பின்னால் ஆட்டோ நின்று ஹாரன் அடிக்கும்போது அந்த அரை மீட்டரின் மதிப்பு புரியும்.

வாசல் சாய்தளத்தையும் பாருங்கள். தெருவை உயர்த்தி சிமெண்ட் போட்டதில் பல வீடுகள் பள்ளத்துக்குப் போய்விட்டன. செங்குத்தான சாய்வில் இறங்கும்போது முதலில் உரசுவது வண்டியின் நடு வயிறு அல்ல, முன்பம்பரின் கீழ் உதடு. அடி உயரம் 208 மி.மீ. என்று விளம்பரம் சொன்னாலும் முன்பம்பர் நீண்டிருந்தால் உரசும். டெஸ்ட் டிரைவ் வண்டியை உங்கள் வாசலுக்கே கொண்டுவரச் சொல்லுங்கள். கேட்டால் கொண்டுவருவார்கள்.

பெரும்பாலான நிறுவனங்கள் சொல்லும் அடி உயரம் ஆள் ஏறாத வண்டிக்கானது. ஐந்து பேரும் டிக்கியில் சாமான்களும் ஏறினால் வண்டி இறங்கும். விதிப்படி கட்டிய வேகத்தடை 3.7 மீட்டர் அகலம், 10 செ.மீ. உயரம். அதை எந்தக் காரும் தாண்டும். ஊர்க்காரர்கள் தாங்களே சிமெண்ட் கொட்டிக் கட்டியதுதான் கூர்மையாக நிற்கும். ஐந்து பேரோடு அதன்மேல் பைய ஏறி இறங்கிப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும்.

உட்கார்ந்து பார்ப்பது

வண்டியை நிறுத்திவைத்த நிலையில் கால் மணி நேரம் ஓட்டுநர் இருக்கையில் இருங்கள். விற்பனையாளர் திரையையும் சன்ரூஃபையும் காட்டட்டும். நீங்கள் இந்த வரிசையில் பாருங்கள்.

கிளட்சைத் தரைவரை அழுத்துங்கள். அப்போதும் இடது முட்டி சற்று மடங்கியே இருக்க வேண்டும். கால் முழுதும் நீண்டுவிட்டால் இருக்கை தூரம், முட்டி ஸ்டீயரிங்கின் அடியைத் தொட்டால் கிட்டம். முதுகை இருக்கையில் சாய்த்தபடி கையை நீட்டினால் மணிக்கட்டு ஸ்டீயரிங்கின் மேல்விளிம்பில் படிய வேண்டும். பிறகு இருக்கையின் உயரம். ஐந்தடி, ஐந்தடி ஒன்று உயரமுள்ளவர்களுக்கு இருக்கையை உயர்த்தும் வசதி அலங்காரமல்ல, கட்டாயம். ஆரம்ப வேரியண்டில், அதாவது ஒரே மாடலின் விலை குறைந்த வகையில், பல வண்டிகளில் இது இருக்காது. தலையணை போட்டு ஓட்டலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பிரேக்கை ஓங்கி மிதிக்கும்போது தலையணை வழுக்கும், சீட் பெல்ட்டும் இடுப்பிலிருந்து வயிற்றுக்கு ஏறிவிடும்.

அடுத்தது குடம் வைத்துச் செய்யும் சோதனை. ஒரு பிளாஸ்டிக் குடத்தை முன்பம்பரை ஒட்டி வையுங்கள். இருக்கையிலிருந்து அது தெரியாது. இன்னொருவர் அதை மெல்ல முன்னே நகர்த்தட்டும். குடத்தின் வாய் எப்போது உங்கள் கண்ணில் படுகிறதோ, அந்தத் தூரத்தை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். அந்த இடைவெளிக்குள் ஒரு குழந்தையோ ஆட்டுக்குட்டியோ நின்றால் உங்களுக்குத் தெரியாது. உயரமான பானெட் தரும் கம்பீரத்துக்கு இதுதான் விலை. வண்டிக்கு வண்டி இந்தத் தூரம் மாறும். ஒரே ஆள், ஒரே குடம் என்று இரண்டு மூன்று வண்டிகளில் அளந்தால் எதைத் தள்ளிவிடுவது என்று தானாகவே தெரியும். இடது முன்பக்கத்துக்கும் பின்பக்கத்துக்கும் இதையே செய்யுங்கள். பின்னால் சென்சார் 2019 ஜூலை முதல் எல்லாப் புதுக் காரிலும் கட்டாயம். கேமரா கட்டாயமில்லை. இந்த ரகத்தில் பின் கண்ணாடி சிறிதாக இருப்பதால், பட்ஜெட்டில் ஒரு வசதி மட்டும் கூடுதலாகச் சேர்க்க முடியும் என்றால் சன்ரூஃபை விட்டுவிட்டு கேமராவை வாங்குங்கள்.

சன்ரூஃப் பற்றி ஒரு வார்த்தை. நம் வெயிலில் வருஷத்தில் பாதிக்கு மேல் அது திரை மூடியே கிடக்கும். அதன் ஓரங்களில் மழைநீர் வடிய மெல்லிய குழாய்கள் உண்டு. வேப்பமரத்தடியில் நிறுத்தினால் பூவும் இலைத்தூளும் அதில் அடைத்து, ஐப்பசி மழையில் கூரையிலிருந்து தண்ணீர் உள்ளே சொட்டும். சாரல் காலத்தில் பிள்ளைகளை அதன்வழியே எழுந்து நிற்கவிடுவது இன்னும் மோசம். ஒரு சடன் பிரேக் போதும்.

கியர்: கையாலா, தானாகவா

கார் லைசென்ஸில் இரண்டுக்கும் தனித்தனிப் பிரிவு கிடையாது. எதை வாங்கினாலும் ஓட்டலாம். ஆட்டோமேட்டிக் என்று ஷோரூமில் ஒரே பெயரில் சொல்வதற்குள் நான்கு விதமான இயந்திரங்கள் இருப்பதுதான் குழப்பம்.

விலை குறைந்தது ஏஎம்டி. இது சாதாரண கியர்பாக்ஸ்தான். கிளட்ச் மிதிப்பதையும் கியர் மாற்றுவதையும் மட்டும் ஒரு மோட்டார் செய்யும். ஒன்றிலிருந்து இரண்டுக்குப் போகும்போது தலை லேசாக முன்னால் ஆடும், அது கோளாறு இல்லை. கோளாறு வருவது வேறு இடத்தில். ஜங்ஷன் ஈரடுக்கு மேம்பாலத்தின் ஏற்றத்தில் வரிசை நிற்கும்போது, பிரேக் போடாமல் ஆக்சிலேட்டரை லேசாக மிதித்தே வண்டியை நிறுத்திவைப்பார்கள் சிலர். உள்ளே கிளட்ச் பாதி பிடித்தபடி தேய்ந்துகொண்டே இருக்கும். நாற்றம் வந்தபிறகுதான் தெரியும். ஏற்றத்தில் நின்றால் பிரேக், கிளம்பும்போதுதான் ஆக்சிலேட்டர். ஹில் ஹோல்டு இருக்கிறதா என்று அந்த வேரியண்ட் பட்டியலில் பாருங்கள். இருந்தால் பிரேக்கை விட்டபின் இரண்டொரு விநாடி வண்டி பின்னால் உருளாமல் நிற்கும்.

கிளட்சுக்குப் பதில் எண்ணெய் வழியாக இழுவையைக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டர் வகை பிரெஸ்ஸா, கைலாக், 3எக்ஸ்ஓ ஆகியவற்றிலும், ஃப்ராங்க்ஸின் டர்போ (என்ஜினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பும் கருவி) வண்டியிலும் வருகிறது. ஊர்ந்து போகும் நெரிசலுக்கு இதுதான் இதமானது, புதியவருக்கும் இதுவே சுலபம். வென்யூ, சோனெட், நெக்ஸானில் கிடைக்கும் இரட்டைக் கிளட்ச் வகை நாலு வழிச்சாலையில் பிரமாதம். நின்று நின்று நகரும் இடத்தில் கிளட்ச் சூடாகும் என்பதால் அங்கே முன்வண்டிக்கு இடைவெளி விட்டு ஒரேயடியாக நகர்த்திப் பழக வேண்டும். மேக்னைட், கைகர் டர்போவில் வரும், கியர் படிகளே இல்லாத சிவிடியில் கியர் மாறும் அசைவே இருக்காது. ஓங்கி மிதித்தால் சத்தம் முதலில், வேகம் பிறகு.

ஆட்டோமேட்டிக் எடுப்பவருக்கு ஒரே கட்டளை: இரண்டு மிதிக்கும் வலது கால் மட்டும். இடது காலைப் பக்கத்துப் பலகையில் வைத்துவிடுங்கள். ஷெட்டுக்குள் விடும்போது பதற்றத்தில் பிரேக் என்று நினைத்து ஆக்சிலேட்டரை மிதிப்பதுதான் புதியவர்கள் சுவரில் மோதுவதற்கு முக்கியமான காரணம்.

கையால் போடும் கியர் விலையில் குறைவு, பழுதுபார்ப்பும் எளிது. பயிற்சிப் பள்ளி வண்டியில் பழகிய கிளட்சும் இதுவும் ஒன்றாக இருக்காது. டர்போ பெட்ரோல் என்றால் ஆரம்ப இழுப்பு மந்தமாக இருந்து, என்ஜின் சுற்று கூடியதும் திடீரெனப் பிடிக்கும். இந்த இடைவெளியில்தான் புதியவர்கள் என்ஜினை அணைத்துவிடுவார்கள். டர்போ இல்லாத 1.2 லிட்டர் என்ஜின் ஒரே சீராக இழுக்கும். ஆனால் ஐந்து பேரோடும் ஏசியோடும் செங்கோட்டை தாண்டி ஆரியங்காவு மலைப்பாதையில் ஏறினால் கியரைக் குறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். பழகும் கைக்கு டர்போ இல்லாததே நல்லது.

பெட்ரோலா, டீசலா

மாதம் ஆயிரம் கிலோமீட்டருக்குள் ஓட்டுகிறவருக்குப் பெட்ரோல் போதும். டீசலுக்கு இங்கே ஒரு தனிச் சிக்கல் உண்டு. 2020 ஏப்ரலில் வந்த பிஎஸ்6 புகைக் கட்டுப்பாட்டு விதிக்குப் பிறகு டீசல் கார்களின் புகைக்குழாயில் கரியைப் பிடித்துவைக்கும் வடிகட்டி இருக்கிறது. சேர்ந்த கரி எரிய வேண்டுமென்றால் வண்டி நல்ல வேகத்தில் 15, 20 நிமிஷம் நிற்காமல் ஓட வேண்டும். கேடிசி நகரிலிருந்து வண்ணார்பேட்டைக்கும், பள்ளிக்கூடத்துக்கும், மார்க்கெட்டுக்கும் மட்டும் ஓடும் டீசல் வண்டியில் அது எரியாமல் அடைத்து, டேஷ்போர்டில் விளக்கு எரியும். அந்த விளக்கைக் கண்டதும் கயத்தாறு வரை நாலு வழிச்சாலையில் ஒரு நடை போய் வந்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். கவனிக்காமல் விட்டால் செலவு பெரிது. வாரம் இரண்டு முறை மதுரைக்குப் போகிறவருக்கு டீசல் பொருந்தும்.

சிஎன்ஜி எடுப்பதானால் உங்கள் ஊரிலிருந்து பங்க் எத்தனை கிலோமீட்டர், மாலையில் வரிசை எவ்வளவு என்று போய்ப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். டிக்கியை சிலிண்டர் எவ்வளவு அடைக்கிறது, ஸ்டெப்னி எங்கே இருக்கிறது என்பதையும் திறந்து பாருங்கள். சிலிண்டருக்கு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை அழுத்தச் சோதனை செய்ய வேண்டும்.

பாதுகாப்பில் பேரம் வேண்டாம்

புதுக் கார்களை மோதவிட்டு நட்சத்திர மதிப்பு தரும் பாரத் என்சிஏபி மோதல் சோதனை 2023 அக்டோபரிலிருந்து நடக்கிறது. முன்பக்க மோதல் 64 கி.மீ. வேகத்தில். நட்சத்திரத்தைப் பார்க்கும்போது பெரியவர்களுக்கு எத்தனை, குழந்தைகளுக்கு எத்தனை என்று இரண்டையும் தனியாகப் பாருங்கள். சோதித்த மாடல்தான் நீங்கள் வாங்கும் மாடலா என்பதையும் பாருங்கள். ஆறு ஏர்பேக், வழுக்கும்போது வண்டியைத் திருத்தும் இஎஸ்சி, பின்வரிசை நடு இருக்கைக்கும் தோளோடு வரும் மூன்று முனை பெல்ட், குழந்தை இருக்கைக்கான ஐசோஃபிக்ஸ் கொக்கி ஆகியவை நீங்கள் வாங்கும் அந்த வேரியண்டிலேயே இருக்க வேண்டும். உயர்ந்த வேரியண்டில் இருக்கிறது என்பது பதிலாகாது.

வாங்கியபிறகு நாமே கெடுத்துக்கொள்வது மூன்று. பக்கவாட்டு ஏர்பேக் இருக்கைக்குள்ளிருந்து வெடித்து வரும். அந்த இடத்தில் தையல் திறக்காத சீட் கவர் போட்டால் அது வராது. முன்பம்பரில் இரும்புக் கம்பி போட 2017 டிசம்பரிலிருந்தே தடை. மோதல் அதிர்வு சென்சாருக்குப் போவதை அது குழப்பும். மூன்றாவது பிள்ளையார். டேஷ்போர்டின் இடதுபக்கம் ஏர்பேக் மூடிமேல் ஒட்டிவைத்தால், அது திறக்கும் நொடியில் பிள்ளையார் பக்கத்தில் இருப்பவர் முகத்துக்கு வருவார். ஸ்டீயரிங்குக்கும் நடுத்திரைக்கும் இடையில் சின்னதாக வைத்துக்கொள்ளலாம்.

பணக்கணக்கு

ஷோரூம் விலையைப் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். தமிழ்நாட்டில் 2023 நவம்பரிலிருந்து காருக்கான ஆயுள் வரி, விலை 5 லட்சம் வரை 12 சதவீதம், 10 லட்சம் வரை 13, 20 லட்சம் வரை 18, அதற்கு மேல் 20. பத்து லட்சத்தில் ஒரு மேடு இருக்கிறது, கவனியுங்கள். 9,50,000 ரூபாய் வண்டிக்கு வரி 1,23,500. அடுத்த வேரியண்ட் 10,40,000 என்றால் வரி 1,87,200. 10 லட்சத்தைத் தாண்டியதால் விற்பவர் முன்கூட்டியே பிடிக்கும் வருமான வரியான டிசிஎஸ் ஒரு சதவீதம், 10,400 தனி. அது வருமான வரிக் கணக்கில் திரும்பக் கிடைக்கும், ஆனால் இப்போது கையிலிருந்து போகும். ஆக 90 ஆயிரம் கூடுதல் என்று தோன்றிய வண்டி உண்மையில் 1,64,100 ரூபாய் கூடுதல். அந்தப் பணத்துக்கு என்ன வசதி கிடைக்கிறது என்று எழுதிப் பார்த்தால் பலர் கீழ் வேரியண்டுக்கே வந்துவிடுவார்கள்.

கடன் 7 லட்சம், வட்டி 9 சதவீதம் என்றால் ஐந்து வருஷத்துக்கு மாதத் தவணை சுமார் 14,530. மொத்த வட்டி 1.72 லட்சம். ஏழு வருஷமாக நீட்டினால் தவணை 11,260 ஆகக் குறையும், வட்டி 2.46 லட்சமாக ஏறும். கடன் முடிந்ததும் வங்கியிடம் ஆட்சேபணை இல்லை என்ற சான்றான என்ஓசியும் படிவம் 35-ம் வாங்கி, ஆர்சியிலிருந்து வங்கியின் பெயரை எடுக்க மறக்க வேண்டாம். விற்கும் நாளில்தான் அது நினைவுக்கு வந்து இழுத்தடிக்கும்.

இன்சூரன்ஸை டீலரிடமே எடுக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. வெளியே இரண்டு விலை கேட்டுவிட்டுப் பேசினால் அவர்களே குறைப்பார்கள். புதுக் காருக்கு மூன்றாம் நபர் காப்பீடு மூன்று வருஷத்துக்குச் சேர்த்துக் கட்டியாக வேண்டும். அதற்குமேல் புதியவர் எடுக்க வேண்டியது இரண்டு. ஒன்று ஜீரோ டெப், அதாவது பாகங்களின் தேய்மானத்தைக் கழிக்காமல் பணம் தரும் கூடுதல் காப்பீடு. முதல் வருஷம் பம்பரும் கண்ணாடியும் உரசாமல் போவது அபூர்வம். பிளாஸ்டிக் பாகங்களுக்குச் சாதாரண பாலிசி பாதிதான் தரும். இன்னொன்று என்ஜின் பாதுகாப்பு. 2023 டிசம்பர் 17, 18-ல் தாமிரபரணி ஜங்ஷன் வரை ஏறியதையும், காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 செ.மீ.க்கு மேல் கொட்டியதையும் இந்தப் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை. தண்ணீரில் அணைந்த வண்டியை மறுபடி ஸ்டார்ட் செய்தால் சிலிண்டருக்குள் போன தண்ணீர் அழுந்தாது, கனெக்டிங் ராடு வளையும். சாதாரண பாலிசி அந்தச் செலவை ஏற்காது. தண்ணீரில் நின்றுவிட்டால் சாவியைத் தொடாமல் இழுவை வண்டியைக் கூப்பிடுவது ஒன்றே வழி.

அந்த வெள்ளத்தில் முங்கிய வண்டிகள் பழைய கார் சந்தையிலும் உண்டு. செகண்ட் ஹேண்ட் பார்ப்பவர்கள் சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள், அடிப்பகுதியில் சேற்றுக் கோடு தெரியும். ஸ்டெப்னி பள்ளத்தில் வண்டல், இருக்கைத் தண்டவாள போல்ட்டில் துரு, ஹெட்லைட்டுக்குள் ஆவி, தரைவிரிப்புக்கு அடியில் முடைநாற்றம். இதில் இரண்டு இருந்தாலும் எழுந்து வந்துவிடுங்கள். உவரி, இடிந்தகரை, கூடங்குளம் போன்ற கடற்கரை ஊர் வண்டி என்றால் லிஃப்டில் ஏற்றி அடிப்பாகத் துருவையும் பாருங்கள்.

டெஸ்ட் டிரைவ்

ஷோரூமைச் சுற்றி ஒரு ரவுண்டு என்பது டெஸ்ட் டிரைவ் இல்லை. முக்கால் மணி நேரம் கேளுங்கள். வீட்டில் எத்தனை பேரோ அத்தனை பேரையும் ஏற்றிக்கொள்ளுங்கள். நண்பகல் வெயிலில் போனால்தான் ஏசி பின்வரிசைக்கு எப்போது எட்டுகிறது என்று தெரியும். பாளையங்கோட்டையிலிருந்து வண்ணார்பேட்டை, மேம்பால ஏற்றத்தில் ஒருமுறை நிறுத்திக் கிளம்புவது, டவுன் ரத வீதியில் ஒரு சுற்று, பிறகு நாலு வழிச்சாலையில் பத்து கிலோமீட்டர். 80-ஐத் தாண்டும்போது விட்டுவிட்டு வரும் பீப் சத்தம் பழுது இல்லை, 2019 முதல் உள்ள வேக எச்சரிக்கை. 120-க்கு மேல் விடாமல் கத்தும். கடைசியாக, ஆள் இல்லாத இடத்தில் பின்னால் எடுத்து ஒரு கட்டத்துக்குள் நிறுத்துங்கள். அது கடினமாக இருந்தால் தினமும் கடினமாகத்தான் இருக்கும்.

டெலிவரியும் முதல் மாதமும்

பதிவுக்கு அனுப்பும் முன்பே, பகல் வெளிச்சத்தில் வண்டியைப் பார்க்கக் கேளுங்கள். பதிவானபின் மாற்றிக் கேட்க முடியாது. சேசிஸ் எண்ணின் பத்தாவது எழுத்து ஆண்டைக் காட்டும்: எஸ் (S) என்றால் 2025, டி (T) என்றால் 2026. ஐந்து டயரிலும் நான்கு இலக்கம் இருக்கும். 3225 என்றால் 2025-ன் 32-வது வாரம். மீட்டரில் நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓடியிருந்தால் காரணம் கேளுங்கள். கதவுக்கும் பாடிக்கும் இடையிலான இடைவெளி இருபக்கமும் ஒரே அளவா, எல்லாக் கண்ணாடியிலும் ஒரே முத்திரையா, சேசிஸ் எண் பில்லோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். அவ்வளவுதான், அரை மணி நேர வேலை.

எலுமிச்சம்பழத்தின்மேல் ஏற்றும் அந்த முதல் அடியைப் புதியவர் எடுக்க வேண்டாம். சுற்றி ஆட்கள் நின்று படம் பிடிப்பார்கள், முன்னால் பத்தடிதான் இடம் இருக்கும். நன்றாக ஓட்டத் தெரிந்த அண்ணாச்சி யாராவது வீடுவரை கொண்டுவரட்டும்.

முதல் இரண்டு வாரம் காலை ஐந்தரைக்குக் கிளம்பி நாலு வழிச்சாலையின் சர்வீஸ் ரோட்டில் பழகுங்கள். தினமும் ஒரே வேலை: ஒரு நாள் நிறுத்திக் கிளம்புவது மட்டும், ஒரு நாள் பின்னால் எடுப்பது மட்டும். இடது சக்கரம் எங்கே ஓடுகிறது என்று பழக, ரோட்டோர வெள்ளைக் கோட்டை ஒட்டி ஒரு முழம் இடைவெளியில் ஓட்டி, நிறுத்தி, இறங்கிப் பாருங்கள். குளத்துக் கரை ரோட்டில் எதிரே பஸ் வந்தால் இந்தக் கணக்குதான் காப்பாற்றும். டயர் காற்று ஓட்டுநர் கதவுத் தூணில் ஒட்டியுள்ள அளவுப்படி, டயர் சூடாகும் முன் பிடிக்க வேண்டும். ஐந்து பேர் போகும் நாளுக்கு அதே ஸ்டிக்கரில் வேறு அளவு இருக்கும்.

முதல் நெடும்பயணம் கன்னியாகுமரி என்றால் மாதத்தைப் பாருங்கள். வைகாசிக் கடைசியிலிருந்து புரட்டாசி வரை ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் மேல்காற்று பணகுடி, காவல்கிணறு பகுதியில் ரோட்டைக் குறுக்கே அறுத்துக்கொண்டு போகும். காற்றாலைகள் அங்கே நிற்பது சும்மா இல்லை. உயரமான வண்டிக்கு அது சின்னக் காரைவிட அதிகம் பிடிக்கும். போகும்போது காற்று வலதுபக்கம். திரும்பி வரும்போது இடதுபக்கம், அதுதான் தந்திரமானது. லாரியை முந்தும்போது அதன் மறைவில் காற்று நின்றுவிடும், ஸ்டீயரிங் லேசாகும். லாரியின் மூக்கைத் தாண்டிய நொடியில் காற்று மொத்தமாக வந்து வண்டியை வலதுபக்க மீடியனை நோக்கித் தள்ளும். இரண்டு கையும் ஸ்டீயரிங்கில், வேகம் 70-க்குள். தள்ளும்போது மெல்ல எதிர்த்துப் பிடிக்க வேண்டுமே தவிர வெட்டித் திருப்பக் கூடாது. காற்று பலம் என்று தோன்றினால் முந்தவே வேண்டாம். காவல்கிணற்றில் ஒரு டீ குடித்துவிட்டு, இடது தடத்தில் 60-லேயே வாருங்கள். பின்னால் வருகிறவர் ஹாரன் அடித்தால் அடிக்கட்டும்.